கிளட்ச் இல்லாத ஸ்போர்ட்ஸ் கார்: மேனுவலை ஆட்டோமேட்டிக்காக மாற்றுவது குறித்து ஓர் ஆய்வு

முழங்கால் தேய்ந்து, கிளட்ச் மிதிக்கவே முடியாத நிலைக்கு ஒருவர் வந்துவிட்டார். அவரிடம் பல ஆண்டுகளாக ஆசையோடு ஓட்டிய ஒரு ஸ்போர்ட்ஸ் கார் இருக்கிறது. அதை விற்றுவிடலாம். ஷெட்டில் நிறுத்தி உறை போட்டு வைக்கலாம். அல்லது மேனுவல் கியர்பாக்ஸைக் கழற்றிவிட்டு ஆட்டோமேட்டிக் போடலாம். இந்த மூன்றாவது வழியைச் சொன்னாலே கார்ப் பிரியர்கள் பலர் முகம் சுளிக்கிறார்கள். ஆட்டோமேட்டிக்கை மேனுவலாக மாற்றினால் பாராட்டுகிறார்கள். மேனுவலை ஆட்டோமேட்டிக்காக மாற்றினால் காரைக் கெடுத்துவிட்டதாகச் சொல்கிறார்கள். சந்தையும் அவர்கள் பக்கம்தான். 1993இல் வந்த நான்காம் தலைமுறை டொயோட்டா சுப்ராவை எடுத்துக்கொண்டால், ஆறு கியர் கெட்ராக் மேனுவலோடு வந்த டர்போ வண்டிக்கு இருக்கும் விலை அதே ஆண்டின் ஆட்டோமேட்டிக்குக் கிடைப்பதில்லை.

இந்த ஏளனத்துக்கு வரலாற்றில் இடம் இருக்கிறதா, வேலை நடைமுறையில் எப்படிப்பட்டது, யார் எந்தக் காரில் அதைச் செய்யலாம் என்ற மூன்றையும் இங்கே பார்க்கிறேன். என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இதில் கெடுதல் என்று ஒன்றுமில்லை. ஆனால் எல்லாக் காரிலும் இது செய்யத்தக்க வேலையும் அல்ல.

அமெரிக்காவின் பெயர்பெற்ற ஸ்போர்ட்ஸ் காரான செவ்ரோலே கார்வெட் 1953இல் வந்தபோது அதற்கு மேனுவலே கிடையாது. முதல் ஆண்டு செய்த 300 வண்டிகளும் வெள்ளை நிறம், ஆறு சிலிண்டர் எஞ்சின், பவர்கிளைட் என்ற இரண்டு கியர் ஆட்டோமேட்டிக். வி8 எஞ்சினும் மேனுவல் கியர்பாக்ஸும் 1955இல்தான் எட்டிப் பார்த்தன. 1982ஆம் ஆண்டுக் கார்வெட்டையும் செவ்ரோலே ஆட்டோமேட்டிக்கில் மட்டுமே விற்றது. கார்வெட்டில் ஆட்டோமேட்டிக் போடுவதைப் பாவம் என்று சொல்பவர்கள் அதன் பிறப்புச் சான்றிதழைப் படிக்கவில்லை என்றுதான் கொள்ள வேண்டும்.

பந்தயக் களத்திலும் இதே கதைதான். டெக்சாஸைச் சேர்ந்த ஜிம் ஹால் தன் ஷாப்பரல் பந்தயக் கார்களில் ஜெனரல் மோட்டார்ஸின் உதவியோடு டார்க் கன்வர்ட்டர் வைத்த கியர்பாக்ஸைப் பயன்படுத்தினார். 1965இல் செப்ரிங் 12 மணி நேரப் பந்தயத்தை அந்தக் கார் வென்றது. அடுத்த ஆண்டு வந்த ஷாப்பரல் 2இ காரில் ஓட்டுநரின் இடது காலுக்குப் புது வேலை கிடைத்தது. பின்னால் உயரமாக நின்ற இறக்கையை நேர்ச்சாலையில் படுக்க வைக்க ஒரு பெடல் இருந்தது. கிளட்ச் இல்லாததால் இடது கால் அதை மிதித்தது. கிளட்சை எடுத்ததால் வெறுமையானதாக நாம் நினைக்கும் அந்த இடத்தில் ஹால் கண்டது ஒரு வாய்ப்பை.

ஜெர்மனியில் போர்ஷே நிறுவனம் 1967இல் ஸ்போர்ட்டோமேட்டிக்கைக் கொண்டுவந்தது. நான்கு கியரையும் கையால்தான் மாற்ற வேண்டும். ஆனால் கிளட்ச் பெடல் கிடையாது. கியர் லீவரில் கை பட்டதும் ஒரு சிறு மின் சுவிட்ச் வேலை செய்து, வெற்றிட விசையால் கிளட்சை விடுவிக்கும். அதே ஆண்டு நூர்பர்க்ரிங்கில் நடந்த 84 மணி நேர மராத்தானை, ஸ்போர்ட்டோமேட்டிக் பொருத்திய 911ஆர் காரில் விக் எல்ஃபோர்டும் அவருடைய துணை ஓட்டுநர்களும் வென்றார்கள். 1989இல் ஃபெராரி, ஸ்டியரிங்குக்குப் பின்னால் துடுப்பு வைத்த கியர்பாக்ஸோடு ஃபார்முலா 1 களத்தில் இறங்கியது; நைஜல் மேன்செல் பிரேசிலில் முதல் பந்தயத்திலேயே ஜெயித்தார். இன்று போர்ஷேயின் இரட்டைக் கிளட்ச் பிடிகே கியர்பாக்ஸ், அதே காரின் மேனுவலைவிட வேகமாக ஓடுகிறது. 2020 மாடலாக வந்த எட்டாம் தலைமுறைக் கார்வெட்டில் மேனுவலே இல்லை.

ஏளனம் எங்கிருந்து வந்தது என்றால், இடைப்பட்ட காலத்திலிருந்து. அக்கால ஆட்டோமேட்டிக்குகளில் பெரும்பாலும் இரண்டு அல்லது மூன்று கியர்தான். டார்க் கன்வர்ட்டருக்குள் நடப்பது, எதிரெதிரே வைத்த இரண்டு மின்விசிறிகளில் ஒன்று சுற்ற, அதன் காற்றில் மற்றொன்று சுற்றுவது போன்றது. காற்றுக்குப் பதில் எண்ணெய். இரண்டுக்கும் நடுவே நழுவும் சக்தி சூடாகி வீணாகும். சிறிய எஞ்சினுக்கு இது பெரிய இழப்பு. 1989இல் சிகாகோ கண்காட்சியில் அறிமுகமான மஸ்டா எம்எக்ஸ்-5 இதற்கு நல்ல சான்று. அமெரிக்காவில் விற்ற 1.6 லிட்டர் மேனுவலுக்கு 116 குதிரைத்திறன். ஆட்டோமேட்டிக்கில் எஞ்சினையே மட்டுப்படுத்தி 105 என்று விற்றார்கள். அந்த வண்டியை ஓட்டியவர் ஆட்டோமேட்டிக்கைக் குறைவாக எண்ணியதில் நியாயம் உண்டு. ஐந்து லிட்டருக்கு மேற்பட்ட வி8 வைத்த கார்வெட்டுக்கு அந்த நியாயம் பொருந்தாது.

மாற்ற விரும்புவோரில் டிராக் பந்தயக்காரர்கள் ஒரு தனிக் கூட்டம். கால் மைல் ஓட்டத்தில் ஒவ்வொரு முறையும் ஒரே நேரத்தில் கியர் விழ வேண்டும் என்பதற்காகப் பழைய இரண்டு கியர் பவர்கிளைட்டை இன்றும் தேடிப் பொருத்துகிறார்கள். அவர்களுக்கு நம் ஆலோசனை தேவைப்படாது. நான் மனத்தில் வைத்து எழுதுவது மற்றவர்களை: மூட்டு, இடுப்பு, முதுகுத் தொல்லை உள்ளவர்கள், பக்கவாதத்துக்குப் பிறகு மீண்டவர்கள், ஒரு காலை இழந்தவர்கள். 1980இல் லாங் பீச் பந்தய விபத்தில் இடுப்புக்குக் கீழே செயலிழந்த கிளே ரெகாட்சோனி, கையால் இயக்கும் கட்டுப்பாடுகளோடு மறுபடியும் பந்தயக் கார் ஓட்டினார். மற்ற மாற்றுத்திறனாளிகளும் ஓட்டக் கற்க வழிசெய்தார். அவருடைய வாழ்க்கையை அறிந்தவர்கள், ஒரு பெடலை நீக்கியதற்காக ஒருவரைக் குறை சொல்ல மாட்டார்கள்.

இனி வேலைக்கு வருவோம். எடுத்துக்காட்டாக 1968 முதல் 1982 வரை வந்த மூன்றாம் தலைமுறைக் கார்வெட்டை, சி3 என்று அழைக்கப்படுவதை, எடுத்துக்கொள்கிறேன். தொழிற்சாலையே அதை இரண்டு விதமாகவும் விற்றது. ஆகவே தேவையான எல்லாப் பாகமும் ஏதோ ஒரு பழைய வண்டியில் இருக்கிறது. எந்தக் காரைப் பற்றி யோசித்தாலும் முதல் கேள்வி இதுவாகத்தான் இருக்க வேண்டும்: அதே காரை ஆலையே ஆட்டோமேட்டிக்காக விற்றதா? விற்றது என்றால் பாதி வேலை முடிந்தது.

கியர்பாக்ஸ் தேர்வில் பொதுவாக மூன்று பெயர்கள் அடிபடும். டர்போ 350, டர்போ 400 இரண்டும் மூன்று கியர் உள்ளவை, உழைப்பாளிகள். 1982இல் வந்த 700ஆர்4 நான்கு கியர் உள்ளது. அதன் முதல் கியரின் விகிதம் 3.06, கடைசிக் கியரின் விகிதம் 0.70. மேனுவல் கார்வெட்டில் பின் ஆக்சில் விகிதம் 3.70 ஆக இருந்தால், 100 கிலோமீட்டர் வேகத்தில் எஞ்சின் நிமிடத்துக்கு ஏறத்தாழ 2,850 சுற்று சுற்றும். 700ஆர்4 போட்டால் அது 2,000க்கு இறங்கும். நெடுஞ்சாலைப் பயணத்தில் இரைச்சலும் பெட்ரோலும் குறையும். பழைய நான்கு கியர் மேனுவலால் தர முடியாத ஒன்றை ஆட்டோமேட்டிக் தருகிற இடம் இது. இந்த லாபத்தைப் பற்றிப் பேசுபவர்கள் குறைவு.

மேனுவல் பெட்டியையும் கிளட்சையும் ஃப்ளைவீலையும் கழற்றிய பிறகு, கிராங்க் ஷாஃப்ட்டின் பின்முனையில் ஒரு சிறு வெண்கல புஷ் தெரியும். மேனுவல் கியர்பாக்ஸின் உள்ளீட்டுத் தண்டின் நுனி அதில்தான் தாங்கி நின்றது. ஆட்டோமேட்டிக்கில் அதற்கு வேலை இல்லை; எடுத்துவிடுவதே வழக்கம். நெம்பி எடுக்க இடம் இருக்காது. பழைய மெக்கானிக்குகளின் வழி வேறு. புஷ்ஷின் ஓட்டையில் கிரீஸை நிறைய அடைத்து, ஓட்டைக்குச் சரியான தடிமனுள்ள இரும்புக் கம்பியை வைத்துச் சுத்தியலால் அடிப்பார்கள். உள்ளே போக இடமில்லாத கிரீஸ் புஷ்ஷின் பின்பக்கத்தை நெட்டித் தள்ளும். அடிக்க அடிக்க, கிரீஸைக் கூட்டி அடைக்க அடைக்க, புஷ் மெல்ல வெளியே நகர்ந்து கையில் வந்து விழும்.

கனமான ஃப்ளைவீலின் இடத்தில் ஃப்ளெக்ஸ் பிளேட் என்ற மெல்லிய எஃகுத் தட்டு வரும். அதில் 153 பல், 168 பல் என்று இரு வகை. எந்தப் பல்லோ அதற்கேற்ற ஸ்டார்ட்டர். எஞ்சினின் வயதையும் பார்க்க வேண்டும். 1986க்குப் பிறகு வந்த 350 கன அங்குல எஞ்சினுக்கு எடை பதித்த ஃப்ளெக்ஸ் பிளேட் தேவை; பழைய 350க்கு அது ஆகாது. மாற்றிப் போட்டால் வண்டி முழுக்க அதிரும், காரணம் பிடிபடாது.

அடுத்த கட்டத்தில்தான் புதியவர்கள் பணத்தை இழக்கிறார்கள். டார்க் கன்வர்ட்டரைக் கியர்பாக்ஸின் முன்முனையில் செருகும்போது, அது உள்ளே இருக்கும் இரண்டு தண்டுகளின் பற்களிலும், கடைசியாக எண்ணெய் பம்ப்பின் பள்ளத்திலும் பொருந்த வேண்டும். சுற்றிச் சுற்றித் தள்ளினால் ஒவ்வொரு பொருத்தத்துக்கும் ஒரு ‘டொக்’ என்ற சத்தத்தோடு உள்ளே இறங்கும். மூன்றாவது சத்தம் வராமலே கியர்பாக்ஸை எஞ்சினோடு சேர்த்து போல்ட்டை முறுக்கினால் பம்ப் உடையும். சரியாக இறங்கியதற்கு அடையாளம் உண்டு: பெட்டியை எஞ்சினோடு முழுக்க இணைத்த பிறகும் கன்வர்ட்டருக்கும் ஃப்ளெக்ஸ் பிளேட்டுக்கும் நடுவே 3 முதல் 5 மில்லிமீட்டர் இடைவெளி இருக்க வேண்டும். கன்வர்ட்டர் கையால் தாராளமாகச் சுற்ற வேண்டும். சுற்றவில்லை என்றால் ஒரு போல்ட்டையும் இதற்கு மேல் இறுக்கக் கூடாது. பெட்டியை மறுபடி இறக்கிப் பார்க்க வேண்டும்.

700ஆர்4 போடுபவர்களுக்கு இன்னொரு பொறி காத்திருக்கிறது. கார்புரேட்டரிலிருந்து கியர்பாக்ஸுக்குப் போகும் ஒரு மெல்லிய கேபிள். டிவி கேபிள் என்பார்கள். ஆக்சிலரேட்டரை எவ்வளவு மிதிக்கிறோம் என்பதை அது கியர்பாக்ஸுக்குத் தெரிவிக்கிறது. அதை வைத்தே உள்ளே எண்ணெய் அழுத்தம் கூடிக் குறைகிறது. கேபிள் தளர்ந்திருந்தால் அழுத்தம் போதாமல் உள்ளிருக்கும் கிளட்ச் தட்டுகள் நழுவி எரிந்துபோகும். கார் நன்றாகவே ஓடுவது போலத் தோன்றும். சில நாள் ஓட்டத்திலேயே கியர்பாக்ஸ் வீணாகும். வேறு நிறுவனத்தின் கார்புரேட்டர் போட்ட எஞ்சினில் கேபிள் இழுக்கும் கோணமும் தூரமும் மாறிவிடும். அதற்கென்று விற்கும் பிராக்கெட்டைப் போட்டாக வேண்டும். 700ஆர்4 ஒரு கெட்ட கியர்பாக்ஸ் என்ற பேச்சில் பெரும்பங்கு இந்தக் கேபிளைச் சரியாக வைக்காதவர்கள் பரப்பியது என்பது என் எண்ணம்.

சூட்டைப் பற்றிப் பலரும் கடைசியில்தான் நினைக்கிறார்கள். மேனுவல் காரின் ரேடியேட்டரில் கியர் எண்ணெயைக் குளிர்விக்கும் அறை இருக்காது. ஆட்டோமேட்டிக்குக்குரிய ரேடியேட்டரையோ தனிக் கூலரையோ போடாமல் ஓட்டினால் எண்ணெய் கருகும், பிறகு சீல்கள் கெடும். இவை தவிர, 700ஆர்4 டர்போ 350ஐவிட ஏறத்தாழ மூன்று அங்குலம் நீளம் என்பதால் புரொப்பெல்லர் ஷாஃப்ட்டை அறுத்துக் குறுக்கி, மறுபடி பேலன்ஸ் பார்க்க வேண்டும். கியரில் இருக்கும்போது வண்டி ஸ்டார்ட் ஆகாமல் தடுக்கும் சுவிட்ச், ரிவர்ஸ் விளக்கின் வயர், ஸ்பீடோமீட்டர் பல் சக்கரம், அகலமான பிரேக் பெடல் எல்லாம் சிறு வேலைகள். ஆனால் அந்த ஸ்டார்ட்டர் சுவிட்சை மட்டும் யாரும் தள்ளிப்போடக் கூடாது. அது உயிர் சம்பந்தப்பட்டது.

இதுவரை சொன்னவற்றில், அறுத்த புரொப்பெல்லர் ஷாஃப்ட்டைத் தவிர எல்லாமே போல்ட்டைக் கழற்றினால் பழைய நிலைக்குத் திரும்பக் கூடியவை. சி3யில் இன்னொன்றும் அப்படியல்ல. நான்கு கியர் மேனுவலோடு வந்த பெரும்பாலான வண்டிகளில் கியர்பாக்ஸைத் தாங்கும் குறுக்குச் சட்டம் ஃபிரேமோடு வெல்டு செய்யப்பட்டிருக்கும். ஆட்டோமேட்டிக் வண்டிகளில் அது போல்ட்டில் நிற்கும். ஆகவே இந்த மாற்றத்தில் பெரும்பாலும் ஃபிரேமில் கட்டர் வைக்க வேண்டியிருக்கும். வேலையைத் தொடங்கும் முன் வண்டிக்கு அடியில் படுத்துப் பார்க்க வேண்டிய முதல் இடம் இதுதான். அபூர்வமான, மூல எண்கள் மாறாத வண்டி என்றால், இந்தக் குறுக்குச் சட்டத்தைப் பார்த்த பிறகு திட்டத்தைக் கைவிடுவதே நல்லது. அக்காலக் கார்வெட்டில் எஞ்சினிலும் கியர்பாக்ஸிலும் வண்டி எண்ணின் ஒரு பகுதி பொறிக்கப்பட்டிருக்கும்; அவை ஒத்திருப்பதற்காகவே சேகரிப்பாளர்கள் விலை கொடுக்கிறார்கள். 1970இன் எல்டி-1 போன்ற, மேனுவலில் மட்டுமே வந்த வண்டிகளுக்கும் இது பொருந்தும். அவற்றின் எஞ்சினே உயர்ந்த சுற்றில் ஓடுவதற்கென்று செய்தது. சாதாரண டார்க் கன்வர்ட்டரோடு சிக்னலில் நின்றால் திணறும்.

மற்றக் கார்களில் நிலைமை வேகமாகக் கடினமாகிறது. எம்எக்ஸ்-5இல் கியர்பாக்ஸையும் பின் டிஃபரன்ஷியலையும் நீண்ட அலுமினியச் சட்டம் ஒன்று இணைக்கிறது; விபத்தில் சிக்கிய ஒரு முழு ஆட்டோமேட்டிக் வண்டியை வாங்கி, சட்டத்தோடும் வயரிங்கோடும் கம்ப்யூட்டரோடும் சேர்த்து மாற்றினால்தான் வேலை ஒழுங்காக முடியும். 1997இல் வந்த ஐந்தாம் தலைமுறைக் கார்வெட்டில் கியர்பாக்ஸ் பின்னால், டிஃபரன்ஷியலோடு சேர்ந்து இருக்கிறது. மேனுவலில் கிளட்ச் முன்னால் எஞ்சினோடு இருக்கும்; ஆட்டோமேட்டிக்கில் கன்வர்ட்டர் பின்னால் கியர்பாக்ஸோடு இருக்கும். நடுவில் ஓடும் குழாய் உட்பட முதுகெலும்பையே மாற்ற வேண்டும், எஞ்சின் கம்ப்யூட்டரையும் புதிதாக எழுத வேண்டும். காற்றால் குளிரும் பழைய போர்ஷே 911இல் இதைச் செய்யச் சொல்லி யாருக்கும் நான் ஆலோசனை சொல்ல மாட்டேன். அண்மைக் கார்களில் எஞ்சின், பிரேக், கியர்பாக்ஸ் கம்ப்யூட்டர்கள் ஒன்றோடொன்று பேசிக்கொண்டே ஓடுகின்றன. மேனுவல் என்று பழகிய கம்ப்யூட்டருக்கு, கியர் மாறும் கணத்தில் எஞ்சின் விசையைக் குறைக்கத் தெரியாது. அங்கே செலவு காரின் விலையை நெருங்கிவிடும்.

மாற்றுவதற்கு முன் முயன்று பார்க்க வேண்டிய மலிவான வழிகளும் உண்டு. பழைய அமெரிக்கக் கார்களில் கிளட்ச் கனமாக இருப்பதற்குப் பல சமயம் காரணம் தேய்ந்த இணைப்புகளும் பழைய வகை பிரஷர் பிளேட்டும்தான். டயஃப்ரம் வகைக்கு மாற்றி, கம்பி இணைப்பை ஹைட்ராலிக்காக ஆக்கினால் பெடல் பெருமளவு இலகுவாகும். வலி லேசானது என்றால் இதுவே போதும். கால் மிதிக்கவே முடியாத நிலை என்றால், கியர் லீவரைத் தொட்டதும் கிளட்சை இயக்கும் மின்-ஹைட்ராலிக் ஏற்பாடு இருக்கிறது. ஸ்போர்ட்டோமேட்டிக்கின் எண்ணம்தான் அது. கியர்பாக்ஸ் அப்படியே இருக்கும், கியர் மாற்றும் சுகமும் இருக்கும். அடுத்ததாக, அதே மாடலை ஆட்டோமேட்டிக்காகவே வாங்குவது. பணக்கணக்கில் பார்த்தால் பெரும்பாலும் இதுவே லாபம். தன் மேனுவலை நல்ல விலைக்கு விற்று, குறைந்த விலையில் ஆட்டோமேட்டிக் வாங்கி, மிச்சம் பார்க்கலாம். ஆனால் தந்தை வாங்கிய காரை, சொந்தக் கையால் எஞ்சின் பிரித்துக் கோத்த காரை இந்தக் கணக்கில் அடைக்க முடியாது. அந்தக் கார்களுக்காகத்தான் இந்த மாற்றம் இருக்கிறது.

சட்டத்தையும் சொல்ல வேண்டும். ஒவ்வொரு நாட்டிலும் விதி வேறு. இந்தியாவில் வாழும் வாசகர்கள் மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவை அறிந்திருக்க வேண்டும்: பதிவுச் சான்றிதழில் உள்ள விவரங்கள், உற்பத்தியாளர் குறித்தவற்றிலிருந்து மாறும்படி வண்டியைத் திருத்தக் கூடாது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் இதை உறுதி செய்தது. அதே சட்டம், உடற்குறை உள்ளவர் ஓட்டுவதற்காகத் தகவமைத்த வண்டிக்கு இடம் தருகிறது. ஆகவே வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தில் எழுத்தில் அனுமதி வாங்காமல் ஸ்பானரைக் கையில் எடுக்கக் கூடாது. காப்பீட்டு நிறுவனத்துக்கும் எழுதித் தெரிவித்துவிட வேண்டும்.

என் முடிவு இது. ஆலையே இரு விதமாகவும் விற்ற, பெரிய எஞ்சின் கொண்ட, கம்ப்யூட்டர் ஆளாத பழைய கார் என்றால், கால் ஒத்துழைக்காத உரிமையாளர் தயங்காமல் மாற்றலாம். அபூர்வ வண்டி, பின்னால் கியர்பாக்ஸ் உள்ள வண்டி, கம்ப்யூட்டர் ஆளும் வண்டி என்றால் வேண்டாம். மாற்றுகிறவர்களிடம் ஒரு வேண்டுகோள்: கழற்றிய கியர்பாக்ஸ், கிளட்ச் பெடல், ஃப்ளைவீல், வெல்டு உடைத்து எடுத்த குறுக்குச் சட்டம் வரை எல்லாவற்றையும் எண்ணெய் பூசி, பெயர் எழுதிக் கட்டி, ஒரே பெட்டியில் வையுங்கள். கார் கைமாறும் நாளில் அந்தப் பெட்டியும் கூடவே போகட்டும்.